மெல்லப் பேச முடியாத தெரு

பழைய அச்சாபீஸ் தெருவில் மெல்லிய சத்தங்கள் எல்லாம் நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என்பதில் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில்தான் பிலோமி அக்கா தன் மருமகளைப் பற்றிய ஒரு சங்கதியைப் பக்கத்து வீட்டுக்காரியின் காதில் போட்டுக்கொண்டிருந்தாள், சங்கதி ருசியான இடத்துக்கு வந்தபோது வாய் அசைகிறது பேச்சு வரவில்லை என்று ஆகிவிட, "ஐயோ மாதாவே, எனக்கு வாதம் வந்துட்டு!" என்று அலறினாள், அந்த அலறல் மட்டும் தெருவின் இரண்டு முனைக்கும் கணீரென்று கேட்டது.

காரணம் அவளுக்கு எதிர்வீட்டு ரொமால்டுதான். வேண்டுமென்று செய்தவன் இல்லை, பாவம், அடுத்தவருக்குத் தீங்கு நினைக்கத் தெரியாத மனுசன். கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கிற மெல்லிசைக் குழு ஒன்றில் இருபது வருசமாக கிட்டார் வாசிக்கிறான். தூத்துக்குடியின் உப்புக்காற்று அவனுடைய பழைய ஆம்ப்ளிபயரைத் தின்று தீர்த்துவிட்டது. கீபோர்டு வாசிக்கிற சிநேகிதன் ஒருவன் இரக்கப்பட்டு அவன் லேப்டாப்பில் ஒரு சாப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தான். கிட்டார் வயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டியை லேப்டாப்பில் செருகினால் போதும், பெரிய பெரிய ஆம்ப்ளிபயர்கள் திரையில் படமாக வந்து வரிசைகட்டி நிற்கும், குமிழை மவுசால் திருகினால் சத்தம் கரகரக்கும், குழையும், எங்கோ மலையில் மோதித் திரும்பி வரும், படத்தில் இருக்கிற ஸ்பீக்கருக்கு முன்னால் படத்தில் இருக்கிற மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் அதற்குத் தக்கபடி தொனி மாறும்.

அவன் மனைவி ஜெசிந்தா தையல் மிஷினில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு அத்தான். படத்துப் பெட்டிக்கு முன்னால படத்து மைக்க வச்சு வாசிக்கிய. மத்தியானம் படத்துச் சோறு போடுதேன், படத்து மீன்குழம்ப ஊத்தித் தின்னுங்க." மாமன் மகள்; சின்ன வயசிலிருந்தே வாய் அப்படித்தான். அந்த வாய்க்காகத்தான் அவளைக் கட்டினான் என்று தெருவில் சொல்வார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒரு இரைச்சலைத் தவிர. தெருக்கோடியில் ஐஸ் கம்பெனி. அதன் மோட்டார்கள் ஓடுகிற வரைக்கும் ஹெட்போனுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஓயாமல் ஓடியது. எலக்ட்ரீசியன் மிக்கேலைக் கூப்பிட்டான். மிக்கேல் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உம்ம வீட்டுல எர்த்தே கிடையாது வேய்" என்றான். அந்தத் தெருவில் எந்த வீட்டில்தான் இருந்தது! அங்கே எர்த் இல்லாதவர்கள் எல்லாரும் காலங்காலமாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு, ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்து நடுத்தெரு அடிபம்பின் குழாயில் சுற்றிவிடுவது. பிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் அப்படித்தான் சுற்றியிருந்தார்கள். மிக்கேல் லேப்டாப்புக்கும் கிட்டார் பெட்டிக்கும் சேர்த்து ஒன்று சுற்றிவிட்டான்.

முனகல் பாதி குறைந்தது. மீதியையும் ஒழித்துக்கட்ட ரொமால்டு 'நாய்ஸ் கேட்' என்ற குமிழைத் திருகினான். அது ஒரு வாசற்கதவு மாதிரி, இத்தனை அளவுக்குக் கீழே இருக்கிற சத்தம் உள்ளே வராது, அதற்கு மேலே இருப்பது தாராளமாக வரலாம், வாசிக்கிறவர்கள் இரைச்சல் அடங்குகிற இடம் வரைக்கும் திருகி அதோடு விட்டுவிடுவார்கள். இவன் சுத்தக்காரன். இரைச்சல் அடங்கியது, இருந்தாலும் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஒரு அரைத் திருகு கூட்டினான். அப்போது மணி பதினொன்றரை.

திருப்பித் திருகிப் பார்த்தான். ஹெட்போனுக்குள் முனகல் திரும்பி வந்தது, தெருவுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. வயரைப் பிடுங்கினான், சாப்ட்வேரை அழித்தான், மறுபடி ஏற்றினான், லேப்டாப்பை அணைத்துத் துணிக்குள் சுற்றிப் பரணில் வைத்தான். மிக்கேல் அடிபம்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பூமிக்குள்ள இறங்கினது இறங்கினதுதான், நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மின்வாரியத்தில் இருந்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார், மீட்டர் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்டு மெனக்கெடவில்லை, ஆயிரம் வேலை கிடக்கிறது.

முதல் வாரம் கஷ்டப்பட்டார்கள், இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். கொசு சத்தமில்லாமல் வந்து கடித்தது, பால் சத்தமில்லாமல் பொங்கி அடுப்பை அணைத்தது, தூறல் விழுந்தால் கொடியில் கிடக்கிற துணி நனைந்த பிறகுதான் தெரிந்தது. பேச்சின் கடைசியில் எல்லாரும் குரலை இறக்குவார்கள் அல்லவா, அந்தக் கடைசிச் சொல் விழுந்துபோய், விருந்துக்கு வருகிறேன் என்றானா வரவில்லை என்றானா என்று தெரியாமல் இரண்டு வீட்டில் சோறு வீணானது, அதன் பிறகு எல்லாரும் கடைசிச் சொல்லையும் தொண்டை கிழியச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். தெரு நடுவில் இருக்கிற அந்தோணியார் குருசடி என்கிற சின்னக் கோயிலுக்கு, பங்குக் கோயில் வரை நடக்க முடியாதவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்க சனிக்கிழமை சனிக்கிழமை பங்குச் சாமியார் வருவார், அவர் காதருகே குனிந்து சொன்ன பாவம் எதுவும் அவருக்கு எட்டவில்லை, "சத்தமா சொல்லுங்கம்மா!" என்று அவரும் கத்த, அவர்களும் கத்த, ஒரு மாசத்துக்குள் தெருவில் யார் யார் என்ன பாவம் செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, தெரிந்த பிறகு பார்த்தால் எல்லார் பாவமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சண்டைகூடப் பெரிதாக வரவில்லை. இரகசியமாகக் காதலித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி மாடிக்கு மாடி கத்திப் பேச வேண்டியதாகி, இரண்டு வீட்டிலும் வேறு வழியில்லாமல் கல்யாணம் பேசி முடித்தார்கள். பிலோமி அக்கா மட்டும் கொஞ்ச நாள் உடம்பு இளைத்துப்போனாள், பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புறணியையே பிரசங்கமாகச் செய்யப் பழகிக்கொண்டாள்.

மெல்லப் பேசியே ஆக வேண்டும் என்றால் தெருமுனையைத் தாண்டித் துறைமுக ரோட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே எப்போதும் நாலு பேர் காதோடு காதாக நின்றுகொண்டிருப்பார்கள், ஏதோ வாந்தி எடுக்க இறங்கின பஸ் பயணிகள் மாதிரி.

ரொமால்டுவை யாரும் குறை சொல்லவில்லை. "ஐஸ் கம்பெனி மோட்டார் சத்தம் நின்னுச்சுல்லா, அதுவே புண்ணியம்" என்றுகூடச் சொன்னார்கள். அவனுக்கே கொஞ்சம் பெருமைதான். இனி பயமில்லை என்று லேப்டாப்பைப் பரணில் இருந்து இறக்கி, படத்து ஆம்ப்ளிபயர்களை வரிசைகட்டி நிறுத்தி, கல்யாண சீசனுக்குப் பாட்டு எடுக்க ஆரம்பித்தான்.

அவனுக்குக் கேட்காமல் போன சத்தம் ஒன்று இருந்தது. பதினாலு வருசமாக அவன் கையெட்டும் தூரத்தில் படுக்கிறவள், அவள் மூச்சில் செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒரு சன்னமான கரகரப்பு அந்த மாசங்களில் ஏறிக்கொண்டே வந்தது. இசைக்காரன் காது, வேறு எந்தத் தெருவாக இருந்தாலும் முதல் நாளே பிடித்திருப்பான். இந்தத் தெருவில் எல்லார் மூச்சும் ஒன்றுபோல ஊமையாக இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒருநாள் ஜெசிந்தா மிஷினை நிறுத்திவிட்டு, "அத்தான், உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும், செய்வியளா?" என்று கத்தினாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான். அதற்குள் எதிர் ஜன்னலில் இருந்து பிலோமி அக்கா, "என்ன காரியம் தாயி?" என்று கத்த, மாடியில் இருந்து இன்னொருத்தி, "கேளு கேளு, செய்வாவ!" என்று கத்த, ஜெசிந்தாவின் முகம் சிவந்துபோயிற்று.

"இங்க வேண்டாம். என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க வச்சுக் கேக்கேன்."

"ஞாயித்துக்கிழமை போவோம்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கச்சேரி. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சும்மாதான் இருந்தான், ஆனால் ஒரு பாட்டுக்கு எந்த ஸ்பீக்கர் படம் பொருந்தும் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. சேலை கட்டிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோய்ப் பூவை மாதா படத்துக்குப் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பின்னால் அவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான், அறைந்த சத்தம் நன்றாகவே கேட்டது.

அடுத்த வாரம் அவள் தண்ணீர்க் குடத்தோடு அடிபம்படியில் உட்கார்ந்துவிட்டாள். சுகாதார நிலைய நர்ஸ் வந்து மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை, அந்தத் தெருவில் யார் நெஞ்சுமே கேட்காது என்பதால் ஆட்டோவில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இத்தனை நாள் என்னண்ணே செஞ்சீங்க?" என்று ரொமால்டுவைக் கேட்டாள்.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறதாம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே வைத்து அவள் அந்தக் காரியத்தைக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. "அன்னைக்கு என்னமோ கேக்கணும்னியே ஜெசி" என்று கட்டிலோரம் குனிந்து ஒரு தடவை ஆரம்பித்தான்.

"இங்க வச்சுக் கேட்டா சாகப்போறவ கேக்க மாதிரி இருக்கும்" என்றாள். "நல்லாகி வாரேன். கடற்கரைல வச்சுத்தான்."

சரி என்று விட்டுவிட்டான். வற்புறுத்திக் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆக்சிஜன் மிஷின் ஒன்றைக் கட்டிலோரம் வைத்தார்கள். அதன் கடகட சத்தம் தாராளமாகக் கேட்டது, அவள் குரல்தான் ஒவ்வொரு நாளும் ஒரு படி இறங்கியது. முதலில் அடுப்படி வரைக்கும் கேட்டது, பிறகு கட்டில் வரைக்கும், பிறகு சொல்லின் முதல் எழுத்து மட்டும் கேட்டது, ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தண்ணீர் கேட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை. சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தான். மேடை மைக்கை அவள் உதட்டில் ஒட்டினாற்போல வைத்து, வயரை அதே பெட்டியில் செருகி, திரையில் இருந்த எல்லாப் படத்துப் பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் திருகினான். திரையில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சைக் கோடு அசையவே இல்லை. இல்லாத சத்தத்தை எந்தப் பெட்டி பெரிசாக்கும்? கேட் குமிழைக் கீழே கீழே இழுத்தான், "இறங்கு, இறங்கித் தொலை, உன் காலைப் பிடிக்கேன் இறங்கு" என்று திரையைப் பார்த்து அழுதான். ஜெசிந்தா படுத்தபடியே அவனைப் பார்த்து, படத்துச் சோறு தின்கிற மாதிரி கையால் சாடை காட்டிச் சிரித்தாள். சிரிப்பும் கேட்கவில்லை.

சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தான். 'தண்ணி' என்று எழுதினாள், 'ஜன்னல்' என்று எழுதினாள், 'பச்ச ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கல, பிலோமிக்காட்ட சொல்லுங்க' என்று எழுதினாள். அவன் அந்தச் சிலேட்டை வாங்கி, 'என்ன கேக்கணும்னு இருந்த?' என்று எழுதி நீட்டினான். அவள் உள்ளங்கையால் அதை அழித்தாள். தன் வாயைத் தொட்டாள், அவன் வாயைத் தொட்டாள். வாயால் கேட்டு வாயால் வாக்கு வாங்க வேண்டிய காரியம் அது, எழுதிக் காட்டுகிற காரியம் இல்லை. அந்தப் பிடிவாதமும் சின்ன வயசிலிருந்தே உள்ளதுதான்.

இரண்டு நாள் கழித்து அவளே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள், தெருவுக்கு வெளியே, இப்போதே என்று. எதிர் ஜன்னலில் பிலோமி அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், தெரு திரண்டுவிட்டது. குருசடியில் இருந்து சாமியாருடைய கைவைத்த நாற்காலி வந்தது, அவளை அதில் உட்காரவைத்து முன்னும் பின்னுமாக நாலு பேர் தூக்கினார்கள், மிக்கேல் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான், ரொமால்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான், பின்னால் வீடுவீடாக ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். கடற்கரை வரைக்கும் தாங்காது, தெருமுனையைத் தாண்டினால் போதும், அங்கே ஒரு மூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

சாயங்காலம் ஐந்து மணி. துறைமுக ரோட்டில் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ரோட்டோரம் நாற்காலியை இறக்கினார்கள். ரொமால்டு மண்டியிட்டு அவள் வாயருகே காதைக் கொண்டுபோனான். அவள் மூக்கில் இருந்த குழாயை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மூச்சின் சூடு காதில் பட்டது. தெருவுக்குள் மாசக்கணக்கில் கேட்காத அந்தக் கரகரப்பு கேட்டது. "அத்தான்" என்று கேட்டது, சத்தியமாகக் கேட்டது. அதற்கு அடுத்ததாக ஒரு லாரி ஹாரன் அடித்தது.

தெரு பொறுக்குமா? அத்தனை பேரும் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். "வண்டிய நிறுத்துங்கல!" என்று மிக்கேல் சிலிண்டரோடு நடுரோட்டில் நின்று கத்தினான். "ஹாரன் அடிக்காத, ஒரு பிள்ள பேசுது!" என்று பிலோமி அக்கா லாரியின் மூக்கில் கையால் அடித்துக் கத்தினாள். நிஜமாகவே லாரிகள் நின்றன, டிரைவர்கள் ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள், ஹாரன்கள் ஓய்ந்தன. ஆனால் இந்த ஜனம் ஓயவில்லை, ஒரு வருசமாகத் தொண்டை கிழியப் பேசியே பழகின ஜனம், அவர்களுக்கு மெல்லப் பேசுவது என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்தது. "சத்தம் போடாதீங்க!" என்று ஒருத்தி கத்தினாள். "நீ முதல்ல வாய மூடு!" என்று இன்னொருத்தி கத்தினாள். "எல்லாரும் அமைதியா இருங்க, ஜெசி பேசுதா!" என்று நாற்காலி தூக்கினவர்கள் நாலு பேரும் சேர்ந்து கத்தினார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர். அத்தனையும் பாசத்தில் போட்ட சத்தம். ரொமால்டு தலையைத் தூக்கி, "மெல்ல... கொஞ்சம் மெல்ல..." என்று கையெடுத்துக் கும்பிட்டான், உடனே, "மெல்லப் பேசணுமாம்!" என்று அந்தச் செய்தி வாய்க்கு வாய் கத்திக்கொண்டே கூட்டத்தின் கடைசி வரைக்கும் போயிற்று.

மறுபடி காதை வைத்தபோது அவள் முடித்திருந்தாள்.

உதடு மூடியிருந்தது. நீளமாக ஏதோ சொல்லி முடித்தவளின் முகம். குழாயை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டு, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்கு. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தான். அந்த மூச்சைப் பார்த்தான். இன்னொரு தடவை சொல்ல அதில் எதுவும் மிச்சம் இல்லை என்று தெரிந்தது.

"சரி ஜெசி" என்றான். "செய்யுதேன்."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினாள், வாக்குக் கொடுத்தவன் கையை அழுத்துகிற மாதிரி. அதைத் தெரு முழுக்கப் பார்த்தது.

மூன்றாம் நாள் காலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். எந்த நிமிசத்தில் மூச்சு நின்றது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவனுக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் ஆரம்பித்தார்கள். "என்னமோ வாக்குக் கேட்டாளே மக்கா, செஞ்சிரு" என்றார்கள். கேட்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால், அந்தச் சத்தத்தைப் போட்டவர்கள் யார் என்று அவர்களுக்கே புரிந்துவிடும். அதனால் அவளுக்கு எது எது ஆசையாக இருந்திருக்கும் என்று யோசித்து ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தான். ஒன்பது வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவள் அண்ணன் சவரியானைத் தேடிப்போய் வாசலில் நின்று சமாதானம் பேசினான். கச்சேரி முடிந்து குடிக்கிற பழக்கத்தை விட்டான். தையல் மிஷினை அவளிடம் தையல் படிக்க வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தான். பச்சை ஜாக்கெட்டுக்குத் தானே கொக்கி வைத்தான், இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டு.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிடும்போது சவரியான் அவன் தோளில் கையைப் போட்டு, "உம்மத் தனியா விட்டுட்டுப் போக அவளுக்கு மனசே வந்திருக்காது மாப்ள. இன்னொருத்தியக் கட்டிக்கிடச் சொல்லித்தான் வாக்கு வாங்கியிருப்பா, எனக்குத் தெரியாதா என் தங்கச்சிய" என்றான். பிலோமி அக்கா பந்தியின் அந்தக் கோடியில் இருந்து, "எவள வேணும்னாலும் கேளுங்க, இந்த வீட்டுக்குள்ள இன்னொருத்தி கால் வைக்கக்கூடாதுன்னுதான் கேட்டிருப்பா, எனக்குத் தெரியாதா அவ குணத்த!" என்று கத்தினாள். இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். சோற்றில் கை வைத்தபடி அவன் குனிந்தே இருந்தான். இரண்டுமே அவள் கேட்கக்கூடியதுதான்.

இன்றைக்கும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் பிலோமி அக்கா, "கொடுத்த வாக்கக் காப்பாத்திட்டியா மக்கா?" என்று கேட்பாள். "காப்பாத்திட்டேங்கா!" என்று இவனும் தொண்டை கிழியச் சொல்வான். சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, காலிக் கட்டிலைப் பார்த்து, "எனக்குக் கேக்கலியே ஜெசி" என்று மெல்லச் சொல்வான். அது அவனுக்கே கேட்காது.